டோக்கனுக்கு முன்னால்

எங்கள் துறையைக் கூட்டித் துடைக்கும் அக்கா செவ்வாயும் வெள்ளியும் தாமதமாக வருகிறார் என்று புகார்ப் பதிவேட்டில் எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் பல பேரைத் திட்டப் போகிறேன். திட்டுகிறவள் யோக்கியமா என்று நடுவில் யாரும் கேட்கக் கூடாது பாருங்கள்.

நான் ஆராய்ச்சி மாணவி, மூன்றாம் வருடம். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்கிறதா என்று ஆராய்வதுதான் எங்கள் துறையின் வேலை. எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சமத்துவம்'. அந்தச் சொல் இல்லாமல் அவரால் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. எனக்குத் துணை, போன வருடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன். படிப்பை முடித்தவன், ஆனால் என்னைவிட ஒரு வயது சின்னவன். எண்களைப் பார்த்தால் சோறு தண்ணி மறந்துவிடுவான் என்பதால் அவனுக்குக் 'கணக்குப்புலி' என்று பெயர்.

விஷயம் இதுதான். தொழிற்சாலைகள் பக்கம் ஒரு சின்ன மாலை நேர மருத்துவமனை இருந்தது. வேலை முடிந்து வருகிறவர்கள் ஐந்து மணிக்கு மேல் அங்கே போய்க் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அதை மூன்று மாதத்துக்குப் பூட்டினார்கள். பெரிய மருத்துவமனையிலேயே எல்லாருக்கும் ஒரே கவனிப்பு கிடைக்கும்போது இது எதற்கு என்று சுகாதாரக் குழு கேட்டது. கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்களிடம் வந்தது. வித்தியாசம் இருக்கிறது என்று நாங்கள் சொன்னால் மாலை மருத்துவமனை திறக்கும். இல்லை என்று சொன்னால் அந்தப் பூட்டு நிரந்தரம்.

பெரிய மருத்துவமனையில் இரண்டு வகை நோயாளிகள். வேலை செய்யும் நிறுவனமே செலவை ஏற்கும் அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு வகை, பொதுப்பிரிவு இன்னொரு வகை. டோக்கன் இயந்திரம் சீட்டைத் துப்பும்போது நேரம் பதிவாகும். டாக்டர் கூப்பிடும்போது இன்னொரு நேரம் பதிவாகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது காத்திருப்பு நேரம். நான் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பேன். இரண்டு மாதம் பார்த்தேன். அட்டைக்காரர்களுக்கு நாற்பத்தொரு நிமிடம், பொதுப்பிரிவுக்கு நாற்பத்து மூன்று.

"பார்த்தியாம்மா? ரெண்டே நிமிஷம்! இதுதான் சமத்துவம்" என்றார் பேராசிரியர். வெளிநாட்டு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பலாம் என்றும் சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். என் பெயர் இரண்டாவதாக வரும் என்றார்.

நான் எப்போதும் எட்டேகாலுக்கு, ஊழியர்கள் போகும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போவேன். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் அதன் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஏழரைக்கே போய்விட்டேன். பக்கவாட்டுக் கதவு பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன்.

வாசலில் இருந்து சாலை முனை திரும்பி மருந்துக்கடை வரைக்கும் ஜனங்கள் நின்றிருந்தார்கள். உட்காரக்கூட இடம் இல்லை. சிலர் செருப்பையும் பையையும் வரிசையில் வைத்துவிட்டு மதில் ஓரமாகக் குந்தியிருந்தார்கள். வரிசையின் நடுவில், எங்கள் அக்கா.

"மேடம், நீங்களுமா? உங்க உடம்புக்கு என்ன?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

"நீங்க எப்போ வந்தீங்கக்கா?" என்றேன்.

"நாலரை இருக்கும். இவருக்குக் கால்ல புண்ணு. சர்க்கரை." மதில் ஓரத்தைக் காட்டினார். அங்கே அவர் கணவர் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் பழைய கட்டு அழுக்கேறிக் கிடந்தது. "இங்க கட்டு மாத்தறது செவ்வாயும் வெள்ளியும்தான். முன்னல்லாம் வேலை முடிச்சிட்டுச் சாயங்கால ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அதைத்தான் பூட்டிட்டாங்களே. அந்தப் படுபாவிங்க யாருன்னு தெரியல."

படுபாவிகளில் ஒருத்தி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

எட்டு மணிக்கு வாசல் திறந்தது. பொதுப்பிரிவுக்கு நூற்றிருபது டோக்கன். கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அக்காவுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தபோது காவலாளி கையை விரித்துக் காட்டினார். யாரும் சண்டை போடவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழகிப்போனவர்கள் மாதிரி பையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அட்டைக்காரர்கள் நேற்றே போனில் நேரம் வாங்கியிருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கி, நேராக வந்து சீட்டைக் கிழித்துக்கொண்டு போனார்கள்.

நாலரையிலிருந்து எட்டு வரை அக்கா நின்றது எந்த இயந்திரத்திலும் இல்லை. நின்று, கிடைக்காமல் திரும்பிப் போனதும் இல்லை. என் கணக்கில் அன்று அந்த அம்மாள் பிறக்கவே இல்லை.

நேராகத் துறைக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். 'செவ்வாய், வெள்ளி: அறை சுத்தம் செய்யப்படவில்லை. ஊழியர் தொடர்ந்து தாமதம்.' என் முத்து முத்தான கையெழுத்து. அதற்குக் கீழே சிவப்பு மையில் 'அரை நாள் விடுப்பாகக் கருதப்படும்' என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். அடித்துவிடுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "எழுதினது மேல போயாச்சும்மா. எழுதறதுக்கு முன்னாடியில்ல யோசிக்கணும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

கணக்குப்புலியிடம் சொன்னேன். அவன் காத்திருப்பு அட்டவணையைத் திரையில் திறந்தான். பிறகு, "அப்ப நாம ரெண்டு மாசமா படத்தோட இடைவேளைக்கு அப்புறம் வந்து உக்காந்து கதையை எழுதியிருக்கோம்" என்றான்.

அடுத்த பத்து வேலை நாளும் நாங்கள் இருவரும் விடிவதற்கு முன்பே வாசலில் நின்றோம். நான் நோட்டில் ஒவ்வொருவரும் வந்த நேரத்தை எழுதினேன். அவன் டோக்கன் கிடைக்காமல் திரும்பியவர்களை எண்ணினான். ஒரு பெரியவர், "எதுக்கு எழுதறீங்க? இதுக்கும் ஒரு டோக்கன் குடுக்கப் போறாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாளில் அக்கா நான்கு நாள் வந்தார். ஒரே ஒரு நாள்தான் டோக்கன் கிடைத்தது.

கூட்டிக் கழித்துப் பார்த்தோம். பொதுப்பிரிவில் டோக்கனுக்கு முன்னால் மட்டும் சராசரி இரண்டு மணி ஐம்பது நிமிடம். அட்டைக்காரர்களுக்கு நான்கு நிமிடம். தினமும் முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

தாளைப் பேராசிரியர் மேசையில் வைத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"இதெல்லாம் நம்ம ஆய்வுத் திட்டத்துல இல்லையேம்மா."

"இருக்கறதைத்தானே சார் எண்ணினோம்?"

"நீ எண்ணினது நோயாளிகளை இல்ல." மேசை இழுப்பறையில் இருந்து ஆய்வுத் திட்டத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "படி."

'நோயாளி என்பவர்: பதிவு செய்து டோக்கன் பெற்றவர்.'

"இதை எழுதினது யாரு?"

நான்தான். வரையறை தெளிவாக இருக்க வேண்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கிய வாக்கியம். அதற்காக வகுப்பில் அவர் என்னைப் பாராட்டியதும் ஞாபகம் வந்தது. வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தால் காது சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"தப்பா எழுதிட்டேன் சார். திருத்தலாம்."

"வியாழக்கிழமை குழுவுக்குப் போகுது. இப்ப திருத்தினா எல்லாம் கெட்டுடும். நீயும் படிப்பை முடிக்கணும், இந்தப் பையனும் வேலையில இருக்கணும். நமக்குச் சமத்துவம் முக்கியம்தான். அதுக்கும் ஒரு முறை இருக்கில்லையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறதாம். வெளியே வந்ததும் கணக்குப்புலி சொன்னான்: "எனக்கு வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். நீங்க என்ன பண்ணப் போறீங்க?" எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். பேசுவது பேராசிரியர், மடிக்கணினியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவது மட்டும்தான் என் வேலை. உறுப்பினர்கள் ஒன்பது பேரும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். குழுவின் தலைவரான சுகாதார இயக்குநர் வரவில்லை. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நம்ம நேரத்துக்கு மதிப்பே இல்லையா?" என்று முணுமுணுத்தார். இன்னொரு அம்மாள், இப்படிக் காக்க வைப்பது மரியாதையா என்று சத்தமாகவே கேட்டார். இத்தனைக்கும் மெத்தை நாற்காலி, குளிர்ந்த அறை, இரண்டு சுற்றுத் தேநீர். பதினொன்று நாற்பதுக்கு இயக்குநர் வந்தார். குறிப்பெழுதுகிற உதவியாளர் பேனாவைத் திறந்தார்.

பேராசிரியர் பேசினார். நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று. "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்ற படம் வந்ததும் தலைகள் ஆடின. அடுத்த படத்தைத் தள்ள வேண்டியவள் நான். தள்ளவில்லை.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். கூட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிப்புல எழுதியிருக்கீங்க?"

உதவியாளர் தாளைப் பார்த்தார். "பதினொன்னு நாப்பது."

"அப்ப இங்க யாரும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கலை."

"என்னம்மா விளையாடறியா?" என்று சீறினார் முழங்கால் டாக்டர். "பத்து மணியிலேருந்து உக்காந்திருக்கோம்!"

"அது கணக்குல வராதுங்க. எங்க ஆய்வுல டோக்கன் குடுத்த பிறகுதான் கடிகாரம் ஓடும். அதுக்கு முன்னாடி வாசல்ல நாலு மணி நேரம் நின்னாலும் அவங்க நோயாளியே இல்ல. அந்த விதியை எழுதினது நான்தான்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கணக்குப்புலி எழுந்து பத்து நாள் கணக்கை ஆளுக்கு ஒரு பிரதியாக வைத்துக்கொண்டே போனான். இயக்குநர் தாளை இரண்டு முறை படித்தார். பேராசிரியர் என்னைப் பார்க்கவே இல்லை.

"பரிசீலிக்கிறோம்" என்றார் இயக்குநர்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். படித்த முட்டாள்கள்.

எட்டு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. கணக்குப்புலி அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினான். முதல் வரி: 'குழு காலை பத்து மணிக்குக் கூடியது. இயக்குநரின் வருகைக்காக உறுப்பினர்கள் ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தனர்.' கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள், மகராசர்கள். வாசல் வரிசையைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் மூன்று சொல் இருந்தது: 'மேலும் ஆய்வு தேவை.' அதுவரை மாலை மருத்துவமனை பூட்டியே இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. அறை பெருக்காமல் கிடந்தது. சனிக்கிழமையும் அக்கா வரவில்லை. மேற்பார்வையாளர்தான் சொன்னார், கணவரைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம். வரிசை நேரங்களை எழுதிய நோட்டு என் பையில்தான் இருந்தது. அப்படியே கிளம்பினேன்.

அக்கா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாக இறங்கியிருந்தது.

"நேத்து ராத்திரியே எடுத்துட்டாங்க மேடம்" என்றார். அழவில்லை. "காலு போனதுகூடப் பரவால்ல. அந்த டாக்டரு எல்லார் முன்னாடியும் திட்டினாரு மேடம். 'இத்தனை நாளா வராம வீட்டுலயே வெச்சிருந்தியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா'ன்னு. அவரோட கம்ப்யூட்டர்ல பாத்தாராம். மூணு மாசத்துல ரெண்டே தடவைதான் வந்திருக்கோமாம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க வராத நாள் உண்டா மேடம்? நீங்கதான் பாத்தீங்களே. நீங்க எழுதினீங்களே."

எழுதினேன். 4.20. 4.35. 4.30. 4.15. நான்கு நாளும் பச்சை மையில், பெயர் தெரியாதவர்களுக்கு நடுவில் 'அக்கா' என்று எழுதியிருந்தேன்.

"டாக்டர் அறை எங்க இருக்குக்கா?"

தாழ்வாரத்தின் கோடியைக் காட்டினார். நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஊழியர் கையை நீட்டி மறித்தார்.

"டோக்கன் இருக்கா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.