தடியை விடாத ஸ்டேஷன் மாஸ்டர்

செத்துப்போன என் தாய் மீது, மண்தாய் பச்சமாமா மீது, என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்கள் மீது சத்தியம்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஹாயுப்பம்பா ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் இலாரியோன் (மரியாதைக்குத் 'தோன்' என்று கூப்பிடுவோம்) வேலை நாற்காலியிலேயே உயிரை விட்டார். கையில் பித்தளைத் தடி. எங்களுடையது ஒற்றைத் தண்டவாளம். அந்தத் தடியை மாஸ்டர் கையிலிருந்து டிரைவர் வாங்கினால்தான் எதிரே வண்டி இல்லையென்று நம்பிக் கிளம்பலாம். விரல்களைப் பிரித்துத் தடியை எடுத்துக்கொண்டு அவரைப் புதைத்துவிட்டோம். ஒன்றை மறந்தோம். போகிறவர் வருகிறவரிடம் நேருக்கு நேர் நின்று பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இலாரியோன் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

புது மாஸ்டர் நிக்கானோர் வந்த அன்றே தொடங்கியது. ஆளில்லாத நாற்காலி கிறீச்சிட்டது. அறையில் இலாரியோனின் சுருட்டு வாசனை. வெளியே உப்புவெளிக் காற்று அடங்கிய பிறகும் உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. தடிதான் வழிக்கு வரவில்லை. வண்டி வந்து நின்றால் மாட்டிய கொக்கியை விட்டு அது அசையாது. நான்கு பேரும் ஒரு கோவேறு கழுதையும் சேர்ந்து இழுத்தோம். கழுதைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பயணிகள் எஞ்சின் சூட்டில் உருளைக்கிழங்கு அவித்துத் தின்றார்கள். இன்னொரு வண்டி நின்றுபோனால் நிக்கானோருக்கு வேலை இல்லையென்று மேலிடம் சொல்லியனுப்பியது. மனைவிக்கு நிறைமாதம். குவார்ட்டர்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது.

சகல புனிதர் நாள் உச்சிவெயிலில், இறந்தவர்கள் பசியோடு வரும் நேரத்தில், அறையிலேயே இலாரியோனுக்குப் படையல் மேசை போட்டோம்: குழந்தை உருவ ரொட்டி, கோக்கா இலை, உப்புக்கண்டம், சிச்சா என்னும் சோளக் கள். வழக்கப்படி அவருக்கு ஒரு கிளாஸ் சிச்சா ஊற்றி வைத்துவிட்டு, நிக்கானோரும் ஒன்று குடித்தார். மேலதிகாரி ஏறிவந்த வண்டி வெளியே ஊதிக்கொண்டிருந்தது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அறை சில்லிட்டது.

நிக்கானோர் தொப்பியைக் கழற்றினார். "தோன் இலாரியோன், ஸ்டேஷன எங்கிட்ட ஒப்படைங்க."

"எங்க, வாய ஊது பாப்போம்." காலி நாற்காலியிலிருந்துதான் குரல் வந்தது. "குடிச்சிருக்க. குடிகாரப் பய கையில நான் ஸ்டேஷனக் குடுக்கணுமாக்கும்."

நியாயமான பேச்சு. உயிரோடு இருந்தபோது இதே காரணத்துக்காக என்னைப் பலமுறை வீட்டுக்கு விரட்டியவர்.

நிக்கானோர் திரும்பி மேசையைப் பார்த்தார். இலாரியோனுக்கு ஊற்றிய கிளாஸில் ஒரு சொட்டு இல்லை.

"உங்க கிளாஸும் காலியாத்தான் கெடக்கு, தோன். நான் இன்னும் பொறுப்பே எடுக்கல. டூட்டில இருக்கிறது நீங்க."

வண்டி இரண்டு முறை ஊதி ஓய்ந்தது. பிறகு நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு.

"ரூல்னா எனக்கும் ரூல்தான்டா, மகனே."

தடி தானாகக் கழன்று நிக்கானோர் கையில் விழுந்தது. கதவு திறந்து மூடியது. சுருட்டு வாசனை இடுகாட்டுப் பக்கம் நடந்து போனது. அவரே தம்மை வேலையிலிருந்து நீக்கிக்கொண்டார். வண்டி கிளம்பியது. நிக்கானோரின் மகன் அந்தக் குவார்ட்டர்ஸில்தான் பிறந்தான்.

நம்பாதவர்கள் ரயிலேறிப் போய்ப் பார்க்கலாம்; என்ன, ஹாயுப்பம்பாவுக்கு இன்றுவரை தண்டவாளம்தான் போடவில்லை.