சாட்சி பாட்டில்

பலாவ் வீட்டாரின் சரக்கறையில் லெயோகாதியின் நாக்கை எதிர்த்து அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. அன்று காலை திறந்தவன் அவளுடைய சித்தப்பா மகன் கொதெரிக்.

சிவப்பு ஒயினையும், புளிக்கவிடாமல் சாராயம் ஊற்றி இனிப்பாகவே நிறுத்திய திராட்சைச் சாற்றையும் கலந்து, கசப்பான சிங்கோனா மரப்பட்டையும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் ஊறவைத்த இந்த வருஷத்துச் சரக்கு பெரிய தொட்டியில் தயாராக இருந்தது. கசப்பு மிஞ்சிவிட்டது என்று லெயோகாதி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதியம் பம்பு போட்டு இன்னும் இனிப்புச் சாறு இறக்கச் சொல்லியிருந்தாள். இறக்கினால் இறக்கியதுதான், திரும்ப எடுக்க முடியாது.

"கசப்பு சரியாத்தான் இருக்குக்கா. இதுக்கு மேல சாறு ஊத்தினா சர்பத் ஆயிடும். சர்பத் விக்கறதுக்கா கொள்ளுத்தாத்தா கம்பெனி வெச்சாரு?"

கொள்ளுத்தாத்தா அதைக் காய்ச்சல் மருந்தாகத்தான் விற்கத் தொடங்கினார். உள்ளூரான பெர்பிஞான் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அதே பாட்டிலைச் சாப்பாட்டுக்கு முன் பசியைக் கிளப்பும் பானம் என்று சொன்னாரோ இல்லையோ, பாரிஸ் வரை ரயில் ஏற்ற வேண்டியதாயிற்று. மருந்தென்றால் ஓடுகிறவன் விருந்தென்றால் வரிசையில் நிற்பான். அன்றிலிருந்து அந்தச் சுவை மாறவில்லை. மாறாமல் காப்பது இப்போது லெயோகாதியின் வேலை. சுவை பார்க்கும் அறையின் சாவி அவள் கழுத்தில்தான் தொங்கும்.

ஒவ்வொரு வருஷச் சரக்கிலும் ஒரு பாட்டிலைச் சாட்சியாக அலமாரியில் வைப்பது வீட்டு வழக்கம். புதுச் சரக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். லெயோகாதி அதைத் தொட்டதேயில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பாள். சொல்லத் தகுந்தவள்தான். ஆரஞ்சுத் தோல் சரியாகக் காயாமல் பீப்பாய்க்குள் போனதை மூடியை முகர்ந்தே கண்டுபிடித்தவள் அவள்.

கொதெரிக் போன வருஷத்துச் சாட்சி பாட்டிலைத் திறக்கச் சொன்னான். எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் அக்கா குடித்துச் சொல்லட்டும் என்றான். அவள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். தோற்றால் சாவியை அவனிடமே கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். கேட்காமலே சொன்ன வார்த்தை அது.

முதலாளியான அவள் அப்பா சிப்ரியன் முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவன் சில்வேர் ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்றான்.

முதல் கோப்பையை வாயில் வைத்துத் துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். மறுபடி முதலாவது. வழக்கமாகத் துப்பும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறவள் இப்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுலயுமே கசப்பு மிஞ்சிப்போச்சு."

"ரெண்டுல ஒண்ணு போன வருஷத்துது. நீயே கலந்தது," என்றான் கொதெரிக். குரலில் வெற்றி இல்லை. அவனுக்கே சங்கடமாகப் போய்விட்டது.

சிப்ரியன் சாவிக்காகக் கையை நீட்டினார். மகள் மேல் உயிராக இருப்பவர்தான். ஆனாலும் பேச்சு பேச்சுதான். லெயோகாதிக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் நாக்கைக் கண்டே பயமாக இருந்தது.

"காபியும் கசக்குதுன்னுதான் ஒரு வாரமா கீழ ஊத்தற," என்றான் சில்வேர், மெதுவாக. "நான் கருக வறுத்துட்டேன்னு திட்டின. நேத்து கடையில புதுசா வாங்கினேன். அதையும் ஊத்திட்ட."

கொதெரிக் அவனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவன் முகம் மெல்லச் சிவந்தது.

"அக்கா, எங்க பெரிய பொண்ணு வயித்துல இருந்தப்ப என் பொண்டாட்டிக்கும் இப்படித்தான். தட்டுல கீரையைப் பாத்தாலே கசக்குதுன்னு அழுவா."

லெயோகாதிக்கு நாற்பது தாண்டிவிட்டது. டாக்டர்கள் கைவிரித்து, அவளும் ஆசையை விட்டு, தொட்டிலைக் கொதெரிக் வீட்டுக்கே கொடுத்தனுப்பி வெகுகாலம் ஆகிறது. நாள் தள்ளிப்போனதைக்கூட வயசு என்று நினைத்து ஒதுக்கியிருந்தாள். இப்போது நாளை எண்ணிப் பார்த்ததும் சந்தோஷம் பொங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இரண்டு கோப்பைகளையும் மறுபடி எடுத்து முகர்ந்தாள், முகர்ந்து மட்டும் பார்த்தாள்.

"கொதெரிக், பம்பு வேண்டாம்னு சொல்லிடு. ரெண்டும் ஒரே கசப்பு, வாசனையிலயும் மயிரிழை வித்தியாசம் இல்ல. போன வருஷத்துது சரின்னா இதுவும் சரி. பாட்டில்ல அடைக்கலாம்."

அப்பாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதில் ஒரு கோப்பையை வைத்தாள்.

"என் நாக்கு பொய் சொன்னதில்லப்பா. இப்பவும் சொல்லல. ஆனா இனிமே என் பங்கை நீங்கதான் குடிக்கணும். சாவி என்கிட்டயே இருக்கட்டும், மோந்து பாக்க மூக்கு இருக்கு."

மணி பன்னிரண்டாகாமல் ஒரு சொட்டு தொடாத சிப்ரியன் அந்தக் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மற்ற கோப்பைக்கும் கையை நீட்டினார்.