பால் போன வழி

காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகும் சாலையில் ராமநாதன் என்பவரின் பழைய சாமான் கிடங்கு இருக்கிறது. இடித்த வீடுகளின் தூண், கதவு, சினிமாக்காரர்கள் படப்பிடிப்பு முடிந்து விற்றுவிட்டுப் போன நாற்காலி எல்லாம் அங்கே கிடைக்கும். நாங்கள் பார்க்கப் போன வீடும் அங்கேதான் நின்றது.

சக்கரம் வைத்த வீடு. ஏதோ ஒரு படக் கம்பெனி நடிகர்கள் தங்குவதற்காகக் கொண்டுவந்தது. பின்பக்கம் நான்கு சக்கரங்கள். முன்பக்கம் சக்கரமே இல்லை. கழுத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு இரும்புக் கால்களில் நின்றது. இதை லாரியின் வாலில் கொக்கி மாட்டி இழுக்க மாட்டார்களாம். லாரியின் முதுகில் ஒரு வட்டத் தட்டைப் பொருத்தி அதன்மேல் கழுத்தை இறக்கி உட்கார வைப்பார்களாம். அந்தத் தட்டுக்குப் பெயர்தான் அஞ்சாம் சக்கரம். கிரீஸ் பூசி ஓரமாகக் கிடந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். உருண்டு எங்கேயும் போகாத ஒன்றுக்கு யார் சக்கரம் என்று பெயர் வைத்தது என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

அப்பா சத்தியமூர்த்தி மரவேலை செய்கிறவர். பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றும் வேலை இப்போது நிறைய வருகிறது. கானாடுகாத்தானில் ஒன்றை முடித்துவிட்டார். அடுத்தது கொடைக்கானல் பக்கம், ஒரு வருட வேலை. அம்மா ஹேமாவதி வேலையாட்களுக்குச் சமைப்பாள். போகிற இடத்தில் தகரக் கொட்டகைதான் தங்குமிடம். நானும் கூடவே போய்ப் போய், ஊருக்கு ஊர் பள்ளி மாறி, ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது எனக்குப் பதினேழு. பத்து ஆண்கள் படுக்கிற கொட்டகையில் இனி என்னை வைத்திருக்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் மூவருக்கும் தனியாக ஒரு வீடு கூடவே வந்தால் நானும் போகலாம். இல்லாவிட்டால் சிங்கம்புணரியில் விசாலம் பெரியம்மா வீட்டில் இருக்க வேண்டும்.

பெரியம்மா நல்லவள்தான். ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் நான் என்ன படிக்கிறேன் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மாவே முழுக்கதையையும் சொல்லிவிடுவாள். போன தடவை மூன்று மாதம் யார் கண்ணிலும் படாமல் அடுப்படியிலேயே இருந்தேன்.

இதற்கு முன் இரண்டு பார்த்தோம். ஒன்று கப்பலில் சாமான் வருகிற இரும்புப் பெட்டி. உள்ளே போனதும் இட்லிப் பானைக்குள் இறங்கியது போல இருந்தது. இன்னொன்று யாரோ பரோட்டாக் கடை நடத்திய வண்டி. சுவரைத் தொட்டால் விரல் ஒட்டியது.

இது அப்படி இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மா வலது காலை வைத்து ஏறினாள். ராமநாதன் சிரித்தார். வண்டிக்குள் போகிறதற்குச் செருப்பைக் கழற்றுகிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறாராம். அவர் ஷூவோடு ஏறினார். உள்ளே வெள்ளை அலமாரிகள், இரட்டை அடுப்பு, குளியலறை. கழுத்துக்குள் மூன்று படி ஏறினால் ஒரு படுக்கை, அதன் தலைமாட்டில் சின்ன ஜன்னல். அது உனக்கு என்று அம்மா சொன்னாள். படுத்துப் பார்த்தேன். ஓடும்போது இந்த ஜன்னலில் ரோடு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாதென்று பிறகு சொன்னார்கள்.

அப்பாவின் கூட்டாளி ஐயனார் மாமா. இழுக்கப்போவது அவருடைய லாரிதான். டயரைத் தட்டினார், கூரைமேல் ஏறினார். அப்பா அலமாரிகளை எல்லாம் திறந்து மூடினார். விலையும் படிந்துவிட்டது. அப்போது அம்மா பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தாள்.

"வாங்குறதுக்கு முந்தியே பால் காச்சுறீகளா?" என்றார் ராமநாதன்.

"வாங்குனப்பறம் சரியாப் பொங்கலைன்னா யாருகிட்ட வந்து கேக்குறது அண்ணே?"

"நீங்க பரவால்ல. இந்த ஆசாரியாரு கல்யாணத்துக்கு முந்தி ஒண்ணும் பாக்காமக் கெட்டாரு" என்றார் ஐயனார் மாமா.

சின்னப் பானைதான். பால் பொங்கியது. சந்தோஷத்தில் அம்மா அடுப்பைக் குறைக்க மறந்துவிட்டாள். பால் மேடையில் வழிந்து, தரையில் இறங்கி, பாம்பு மாதிரி ஓடி வடகிழக்கு மூலைக்குப் போனது. ஈசான மூலை. அம்மா கைகூப்பினாள். யாரும் தள்ளிவிடாமல் தானாகத் தேடிப் போகிறதே என்று ராமநாதனே அசந்துபோனார். அப்பா முன்பணம் வைத்திருந்த சட்டைப்பையைத் தொட்டார்.

துடைப்பதற்குத் துணியோடு நான் குனிந்தேன். மூலையில் பால் இல்லை.

சுவரும் தரையும் சேருகிற இடத்தில் நூல் அளவு இடைவெளி இருந்தது. அதன் வழியாக இறங்கியிருக்கும். கீழே எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வெளியே போனேன். வண்டியின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் தகடு அடித்திருந்தது. மண் காய்ந்து கிடந்தது. குத்துக்காலிட்டுக் காத்திருந்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

மறுபடி உள்ளே போய், ஒரு செம்பு தண்ணீரை அதே மூலையில் ஊற்றினேன். அவர்கள் கழுத்துப் பக்கம் நின்று எப்போது எடுத்துப்போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முழுதும் உள்ளே போனது. வெளியே ஓடிப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. பாலையும் தண்ணீரையும் குடித்துவிட்டு இந்தத் தரை எங்கே வைத்துக்கொண்டிருக்கிறது? திரும்பி வந்து வெறுங்காலால் மூலையை அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி அமுங்கியது.

சொன்னால் வீடு போய்விடும், சிங்கம்புணரிதான் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்தப் பால் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கொடைக்கானல் வரைக்கும் என்னால் போக முடியாது.

அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, பாலு வெளிய வரல."

அவருக்குப் புரியவில்லை. ஐயனார் மாமா, பாப்பா இன்றைக்குப் பேசிவிட்டது, மழை வரும் என்றார். நான் அப்பாவை மூலைக்கு அழைத்துப்போய் அவர் காலையும் அங்கே வைக்கச் சொன்னேன். அழுத்திப் பார்த்தவர் இறங்கிப் போய், வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, உளியால் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு குத்து விட்டார். பழுப்புத் தண்ணீர் அவர் நெஞ்சில் கொட்டியது. பின்னாலேயே தரைக்குள் அடைத்திருந்த ஊறிய பஞ்சும் மரத்தூளும் பொத்தென்று விழுந்தன. மக்கின நாற்றம் அடித்தது. அதற்குள் காய்ச்சின பாலின் வாசனையும் இருந்தது.

ராமநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கே இப்போதுதான் தெரிகிறது என்று சத்தியம் செய்தார். விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா ஈசான மூலையைப் பார்த்துக் கும்பிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி முந்தானையில் துடைத்தாள். நான் வேலி ஓரம் போய் நின்றேன். பதில் கிடைத்துவிட்டது. இனி சிங்கம்புணரி.

அப்பா அடியிலிருந்து வெளியே வரவில்லை. உளியின் பிடியால் இரும்புச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே முன்பக்கம் நகர்ந்தார். கழுத்து வரைக்கும் ஒரே மாதிரி கணீரென்று கேட்டது. எழுந்து வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இரும்பு நல்லாருக்கு. தரைதான் போச்சு. தரை மரந்தானே" என்றார்.

அலமாரி எல்லாம் கழற்ற வேண்டுமே என்று அம்மா கேட்டாள். கழற்றத்தான் வேண்டும், இந்த அழகெல்லாம் போகும், திரும்ப வருவது இந்த ஆசாரி போட்டதாகத்தான் இருக்கும் என்றார் அப்பா. குறைத்த விலையை இன்னும் குறைக்கச் சொல்லி ஐயனார் மாமா ராமநாதனைத் தனியாகக் கூட்டிப்போனார். அம்மா வெகுநேரம் வெள்ளை அலமாரியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, அடுப்பை மட்டும் தொடக்கூடாது என்றாள்.

அப்பா என்னைக் கூப்பிட்டு போனை நீட்டினார்.

"தரை போட எனக்கு ஒரு ஆளு வேணும். வரலைன்னு பெரியம்மாகிட்ட நீயே சொல்லிரு."

போனில் பேசுவதென்றாலே எனக்குக் கை வேர்க்கும். வீட்டின் படியில் உட்கார்ந்தேன். வாங்கிவிட்டோம், நானும் கூடப் போகிறேன் என்று சொன்னேன். பெரியம்மாவுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை.

"அதென்னடி வீடு, சௌபர்ணிகா? வாசல் எங்குட்டுப் பாத்திருக்கு?"

எதிரே ரோட்டையும் வெயில் விழுகிற பக்கத்தையும் பார்த்தேன்.

"இன்னைக்குத் தெக்க பெரியம்மா."



"இன்னைக்குன்னா?" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொல்வதைக் கேட்க அவள் காத்திருந்தாள். நான் அஞ்சாம் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன்.