இளநீரில் கரைத்த மாத்திரை

ரம்யாவுக்குக் காய்ச்சல் வந்து, மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு கிளம்பியதுமே தங்கத்தாய் முடிவு கட்டிவிட்டாள்.

"அம்மன்லா வந்திருக்கா! ஏளா பேச்சி, தண்ணி ஊத்துத வரைக்கும் பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாது. மாத்திரை, ஊசி ஒண்ணும் ஆகாது, சொல்லிட்டேன்."

வாசலில் வேப்பிலை ஏறிற்று. அடுப்படியில் தாளிப்பு நின்றது.

தங்கத்தாய் பேச்சித்தாயின் நாத்தனார். செத்துப்போன புருஷனுக்கு அக்கா. துறைமுகத்து ரோட்டில் இருக்கும் பலசரக்குக் கடை அவளுடையது, குடியிருக்கிற வீடும் அவளுடையது. பேச்சித்தாய்க்கும் ஆறு வயது ரம்யாவுக்கும் எச்.ஐ.வி. இருப்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அம்மாவும் பிள்ளையும் தெருவில்தான் நிற்கவேண்டும் என்று பேச்சித்தாய் பயந்தாள். அதனால் மாதாமாதம் ஆஸ்பத்திரியில் வாங்கிவரும் மாத்திரைக்கு வீட்டில் சத்து மாத்திரை என்று பெயர்.

அம்மன் வந்த வீட்டில் சத்து மாத்திரையும் ஆகாதே! ஆனால் ஒருவேளைகூட விடக்கூடாது என்று நர்ஸ் மாதம் தவறாமல் ஓதியிருந்தாள். பேச்சித்தாய் அம்மனிடம் மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாத்திரையை இளநீரில் கரைத்துக் கொடுத்தாள். அம்மனையும் நாத்தனாரையும் ஒருசேர ஏமாற்றிவிட்டதில் அசட்டு நிம்மதி வேறு.

அது நிலைக்கவில்லை. காலையில் இளநீர் குடித்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தாள். உடம்பு கொதித்தது. சாயங்காலம் சற்றுத் தணிந்தது. மறுநாள் இளநீருக்குப் பிறகு முன்னைவிட மோசம், இருமலும் சேர்ந்துகொண்டது. அடுத்த காலை டம்ளரோடு கிட்டே போனபோது ரம்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்மா. இதக் குடிச்சாத்தான் மூச்சு முட்டுது."

பேச்சித்தாய் டம்ளரைத் தள்ளி வைத்தாள். தடிப்பைத் தடவிப் பார்த்தாள். அம்மை முத்து என்றால் நீர் கோத்திருக்கும். இது தட்டையாகச் சிவந்து கிடந்தது. போன தடவை மாத்திரையை மாற்றிக் கொடுத்தபோது நர்ஸ் வேறு ஏதோ சொன்னாளே! மாதாமாதம் கேட்டது மனப்பாடம். ஒரேயொரு தரம் கேட்டது மறந்தே போயிருந்தது. புறவாசலில் நின்று போன் போட்டாள்.

"தடிப்பும் காய்ச்சலும் சேந்து வந்தா உடனே வரச் சொன்னேனேம்மா!" நர்ஸ் பதறினாள். "அந்த மாத்திரை பிள்ளைக்கு ஒத்துக்கலை. இனி ஒரு வேளைகூடக் கொடுத்துராதீங்க, உயிருக்கே ஆபத்து. டப்பாவையும் எடுத்துக்கிட்டு இப்பவே தூக்கிட்டு வாங்க."

இளநீரைக் கீழே கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். வாசலில் தங்கத்தாய் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? அம்மன் இருக்கப்ப எங்கன தூக்கிட்டுப் போறே?"

"வழி விடுங்க மதினி."

"விடமாட்டேன்."

தோளில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

"இது அம்மன் இல்ல மதினி! பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்கு. எனக்கும் இருக்கு. அதுக்குக் கொடுத்த மருந்துதான் ஒத்துக்கலை. விடுங்க, செத்துருவா!"

தங்கத்தாய் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எதை நினைத்து இத்தனை வருஷம் பேச்சித்தாய் நடுங்கினாளோ அது நடந்தே விட்டது. நடந்ததால் வாசலும் காலியாயிற்று. அவள் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்த மருந்து இனி ஆயுசுக்கும் கூடாது, வேறு மருந்து இருக்கிறது, நல்லவேளை இன்றைக்குக் கொடுக்கவில்லை என்றார் டாக்டர். பேச்சித்தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் தங்கத்தாய் வந்தாள். வார்டு வாசலோடு நின்றுகொண்டாள். அதட்டியே பழகிய குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஏளா, பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுத்தான தினமும் படுக்கேன். எனக்கும் வந்திருக்குமா?"

முதன்முதலில் ரிசல்ட் கேட்ட அன்று தன் முகமும் இப்படித்தான் வெளுத்திருக்கும் என்று பேச்சித்தாய்க்குத் தோன்றியது.

"அப்படியெல்லாம் வராது மதினி. தொட்டா வராது, சேந்து படுத்தா வராது."

"சத்தியமா?"

"எம்பிள்ளை மேல சத்தியமா."

பேச்சுச் சத்தத்தில் ரம்யா கண்ணைத் திறந்தாள். "அத்தை" என்று கையை நீட்டினாள். தங்கத்தாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பயந்துகொண்டேதான், போய்ப் பிடித்தாள்.