லாஸ்பேட்டைக்கு வராத விமானம்

தெய்வசிகாமணி விடியற்காலையில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. வைத்திக்குப்பத்தில் பிணத்தை எடுக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. ஊரே அவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. கொள்ளி வைக்க வேண்டிய மகன் சந்திரமோகனோ பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருந்தான்.

"டிக்கெட் கெடச்சிடுச்சு, கெளம்பிட்டேன்" என்று தங்கை சுவேதாவுக்கு ஒரு வரி அனுப்பியதோடு சரி. அதற்குப் பிறகு அவனுக்கு போன் போகவே இல்லை.

"அண்ணன் எப்பம்மா வருவான்? தெரிஞ்சாத்தான ஆக வேண்டியதப் பாக்க முடியும்" என்றார் ஊர்த்தலைவர் கிருஷ்ணசாமி.

சுவேதா அழுத முகத்தோடு கைபேசியில் பஹ்ரைன், புதுச்சேரி என்று இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டினாள். மூவாயிரத்து நானூறு சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐந்து மணி நேரத்துக்குள் என்று கேட்ட மாத்திரத்தில் வந்து நின்றது. பாழாய்ப்போன இணையப் பக்கம்! வரைபடத்தில் கோடு இழுத்துக் கணக்குப் போட்டுச் சொன்னதே தவிர, அந்தக் கோட்டின் மேல் ஒரு விமானமும் போவதில்லை என்பதைச் சொல்லவில்லை. போன தடவை அண்ணன் சென்னையில்தான் இறங்கினான். ஆனால் புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டைக்கும் இப்போது விமானம் வருகிறதே, தலைக்கு மேலேயே போகிறதே என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பா செத்துக் கிடக்கும்போது அதற்கு மேல் யாருக்கு யோசனை ஓடும்?

"சாயந்திரம் வந்துடும் மாமா. லாஸ்பேட்டையிலேர்ந்து ஆட்டோவுல பத்து நிமிஷந்தான்."

"அப்பறம் ஐஸ் பெட்டி எதுக்கு? வாணாம்னு அனுப்பிடுங்கப்பா" என்றார் தலைவர்.

வாசலுக்கு வந்துவிட்ட பெட்டி வண்டி திரும்பிப் போனது. சித்திரை வெயில் அன்றைக்கென்று யாரையும் விட்டுவைக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது.

"சுவேதா, பாம்பேல இருக்கேன். சென்னைக்கு அடுத்த பிளைட்டு ராத்திரிதான். காலையில வந்துடுவேன். அப்பாவப் பெட்டியிலதான வெச்சிருக்கீங்க? ஒரேயொரு தரம் அவரு மூஞ்சப் பாத்துடணும். சார்ஜ் இல்ல, வெச்சிடுறேன்."

அவள் வாய் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. ஓடிப்போய் தலைவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் தப்பா சொல்லிட்டேன் மாமா. பெட்டியக் கொண்டாரச் சொல்லுங்க. காலையில வந்துடும் மாமா அண்ணன்!"

அவர் அவளைத் தூக்கி நிறுத்தி உள்ளே அழைத்துப் போனார். அப்பாவின் முகம் ஊதிப் போயிருந்தது. மூக்கில் வைத்த பஞ்சு நனைந்திருந்தது.

"இனிமே பெட்டியில வெச்சாலும் தாங்காதும்மா. இந்த மூஞ்சயா அவன் வந்து பாக்கணும்?"

சித்தப்பா மகன் கோபிநாத் கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். பறைச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை சுவேதா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்பா போனது விதி. அண்ணனுக்கு அவர் முகம் இல்லாமல் போனது தன்னால் என்பதை அவள் எங்கே போய் இறக்கி வைப்பாள்?

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மறுபடியும் போன்.

"சென்னையில எறங்கிட்டேன். கார்ல ஏறிட்டேன். அப்பா மூஞ்ச மூடிடாதீங்க, வந்துடுறேன். வெச்சிருக்கீங்கல்ல?"

கழுவிவிட்ட வீட்டின் ஈரத்தரையில் சுவேதா உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டால் வழியெல்லாம் காரில் தனியாக அழுதுகொண்டு வருவான். தோள் கொடுக்கப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. வரட்டும். வந்து தன்னை அடிக்கட்டும்.

"இருக்காருண்ணே" என்றாள். "நீ பதறாம வா."