பனியுடைப்புக் கட்டணம்

கீப்பிங் குடும்பத்து அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சரக்குக் கப்பல். ஹெட்லி கேப்டன், கார்லண்ட் இஞ்சின் பார்ப்பவன். நான் வெர்னா, சமையல்காரி. கனடாவின் இந்த நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் என் வாய்க்குப் பயப்படாத ஆம்பளைகள் குறைவு. அந்த இரண்டு பேரும் பயந்ததே இல்லை, அதுதான் வினை.

பனி உடைக்கும் கப்பலுக்கு அரசாங்கம் கட்டணம் போட்ட நாளிலிருந்து எங்கள் துறைமுகத்தில் ஒரு வீம்பு பிறந்தது. அதைக் கூப்பிடாமல் குளிர்காலத்தை ஓட்டுகிறவன்தான் கேப்டன். கூப்பிட்டவனைப் பார்த்தால், டாக்சி பிடித்து வந்தாயாமே என்று நக்கலடிப்பார்கள். டாக்சி மாதிரியே மீட்டர் ஓடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். துறைமுகச் செலவையெல்லாம் ஏஜென்டு மொத்தமாகக் கட்டிவிடுவார். எது எதற்கு என்று பிரித்துக் கேட்க ஹெட்லிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அந்த மார்ச் மாதம் மாவும் உப்பும் ஏற்றி வரும்போது விரிகுடா வாயில் பனிப்பாளங்கள் எங்களை இறுக்கிவிட்டன. வடகிழக்குக் காற்று அவற்றைக் கரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. காற்று மேற்கே திரும்பினால் தானே விலகும் என்று ஹெட்லி காத்திருந்தான். சனிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் பட்டாணி சூப்தான், அதை வைத்தேன். கார்லண்ட் தொடவில்லை. வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது.

வெளியே மூடுபனி, ஹெலிகாப்டர் வர வழியில்லை. ரேடியோவில் பனி உடைக்கிற கப்பலைக் கூப்பிடு என்று ஹெட்லியோடு மல்லுக்கு நின்றேன். காற்று மாறட்டும் என்றான். கார்லண்டோ வலியிலும் சிரித்தான்.

"என் வயித்துவலிக்குக் கப்பலை விக்கணுமா வெர்னாக்கா? சும்மா இரு."

"கப்பலை வித்தா வேற வாங்கலாம்டா. உன்னை எங்க போய் வாங்குறது?"

ஹெட்லி தம்பியின் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று தம்பி தலையாட்டினான். ஒருவன் காசை இன்னொருவன் காப்பாற்றுகிறானாம், பாவிகள்.

மறுநாள் காலையில் வலி போய்விட்டது என்றான் கார்லண்ட். ஹெட்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்குத்தான் பயம் கூடியது. என் சித்திக்கும் இப்படித்தான் வலி சட்டென்று நின்றது, பிறகு அவள் பிழைக்கவில்லை. மத்தியானம் கார்லண்டுக்குப் பேச்சு குளறியது. அப்போதுதான் ஹெட்லி ரேடியோவை எடுத்தான்.

சிவப்புக் கப்பல் பனியைப் பிளந்துகொண்டு வந்தது. பக்கத்து விரிகுடாவில்தான் யாருக்கோ வழி வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அது வருவதற்குள் கார்லண்ட் போய்விட்டான்.

ஏறி வந்த அதிகாரி வயசுப் பிள்ளை. விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். ஹெட்லி அவனிடம், "இதுக்கு எவ்வளவு ஆகும் தம்பி?" என்று கேட்டான். பாவம், வேறு என்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை விழித்தான். "தனியா ஒண்ணுமில்ல கேப்டன். பனிக்காலத்துல இந்தத் துறைமுகத்துக்கு வர்ற ஒவ்வொரு நடைக்கும் கட்டணம் உண்டு. நாங்க வந்தாலும் அதேதான், வராட்டியும் அதேதான். இத்தனை வருஷமா கட்டிட்டுதான இருக்கீங்க?"

"கூப்பிட்டதுக்கு?"

"கூப்பிட்டதுக்குக் காசில்ல."

ஹெட்லி உள்ளே போனான். நானும் பின்னாலேயே போனேன். தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அவன் காதருகே குனிந்தான்.

"கார்லண்டு, காசு கேக்கமாட்டாங்களாம்டா. எந்திரி," என்றான்.