சர்தார் பஹார் கான் சேதி கேட்பதை நிறுத்தியது

...இன்னும் இரண்டாம் பக்கத்தையே தாண்டவில்லை, மாமா விரல் வைத்துத்தான் படிப்பார், மிளகாய் வற்றல் மூட்டைச் சீட்டானாலும் தேர்தல் நோட்டீஸானாலும் ஒரே வேகம், இந்தக் கட்டுரையை நானா கொடுத்தேன், துவைக்க எடுத்த என் சட்டைப் பையிலிருந்து அத்தை உருவி, "நம்ம பிள்ள காலேஜ் மாசிகைக்கு எழுதியிருக்கான் பாருங்க" என்று பெருமையாக நீட்டிவிட்டாள், மாமாவுக்கு மட்டும் புரிந்துவிட்டால் நாளைக் காலை தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார், இந்த ஆரியசாலை மாடியறை போயிற்று, பரீட்சைக்கு இரண்டே மாதம்... ஆனால் புரிய என்ன இருக்கிறது? ஒரு பலூச்சித் தலைவரின் ஜீவிய சரித்திரம், அவ்வளவுதான். சர்தார் பஹார் கான் கறுப்புக் கம்பளிக் கூடாரத்தில் பிறந்தார், பத்தொன்பது வயதில் அப்பாவின் தலைப்பாகையைக் கட்டிவிட்டார்கள், கிணற்று வழக்கோ வெட்டுக்குத்தோ அவர் தீர்ப்புதான், வழிப்போக்கன் யாரானாலும் தண்ணீர் கொடுத்துச் சேதி கேட்பது அந்த நாட்டு வழக்கம், கட்டுரையில் உண்மையான விஷயம் இது ஒன்றுதான், வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா விவரப் புத்தகத்தில், கெஜட்டியரில் படித்தேன், எந்தக் கிணறு வற்றியது, யார் ஒட்டகம் செத்தது, வந்தவன் ஒன்றையும் மறைக்கக் கூடாது, தலைவர் குறுக்கே பேசக் கூடாது. பிறகு நாடு இரண்டாயிற்று, சர்தார் கராச்சியில் கோட்டுத் தைத்துக்கொண்டு சட்டசபைக்கு நின்றார், அன்றோடு சேதி கேட்பதை நிறுத்தினார், வந்தவனிடமெல்லாம் தன் சேதியைச் சொல்ல ஆரம்பித்தார். பதினைந்து வருஷம் சமுதாய சங்கத்துக்குத் தலைவராயிருந்து, ஊர் வழக்கையெல்லாம் வற்றல் கடையிலேயே தீர்த்துவைத்து, இந்த ஐம்பத்துநாலு தேர்தலில் நின்றது முதல் சோறு பரிமாறும் அத்தையிடமும் "பெரியோர்களே" என்று தொடங்கும் பகவதிப்பெருமாள் மாமாவுக்கும் கராச்சிக்கும் என்ன சம்பந்தம்?

"லே மக்கா," விரல் நின்றுவிட்டது, "ஆட்டு ரோமத்த மோந்து பாத்தே எந்தக் கிடைன்னு சொல்லுவானாலே இவன்?"

தொலைந்தேன், அடித்துவிட நினைத்து, அழகாயிருக்கிறதே என்று விட்டுவைத்த வரி, வற்றலை மோந்து கோவில்பட்டியா சாத்தூரா என்று சொல்லும் மூக்கு இந்த ஊரில் ஒன்றே ஒன்று...

"அங்க எல்லாத் தலைவரும் சொல்லுவாங்களாம் மாமா."

"உள்ளதாலே, நெசமா?"

"கெஜட்டியர்ல இருக்கு." கெஜட்டியர் பாவம்.

"ம்." விரல் மறுபடி நகர்ந்தது, கடைசி வரியில் கொஞ்சம் கூடுதலாக நின்றது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், இதோ, இப்போது...

"நல்லா எழுதியிருக்கானா?" என்றாள் அத்தை வாசற்படியிலிருந்து.

"எழுதியிருக்கான். வோட்டு கிட்டிச்சா இல்லியான்னுதான் எழுதாம விட்டுட்டான்." காகிதத்தை நான்காக மடித்து என் பக்கம் தள்ளினார், செம்பிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி அதையும் தள்ளினார். "செரி, காலேஜ்லேருந்து நடந்துதானே வந்தே? சொல்லு. வழியில என்ன சேதி?"

கேலியா? முகத்தில் கேலி இல்லை, கைகளைக் கட்டிக்கொண்டு, பழைய நாட்களில் வழக்குக் கேட்பாரே அப்படி உட்கார்ந்திருக்கிறார், இந்தத் தடவை "பெரியோர்களே" இல்லை. வழியில் என்ன சேதி... பாளையம், பழவங்காடி, சாலைக் கடைத்தெரு, அங்கே தேர்தலில் மாமாவின் எதிராளியின் ஜீப், முன்சீட்டில் மாலையோடு மாமாவின் சங்கத்துச் செயலாளர் கோமதிநாயகம், என்னைப் பார்த்துக் கையைக்கூட அசைத்தார், மூன்று நாளாகப் பார்க்கிறேன், கட்டுரையின் இரண்டாம் பாகத்துக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன், இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு... மாமா கேட்கவில்லை, அதனால்தான் சொல்லவில்லை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்? தண்ணீரைக் குடித்தேன், பாதியில் நிறுத்தினேன், குடித்து முடித்தால் சொல்ல வேண்டும், மாமா குறுக்கே பேசாமல் காத்திருந்தார்.